எல்லாரும் ஒன்றாகப் பார்த்த ஆட்டம்



தொலைக்காட்சியில் அந்நாளைய விளையாட்டு என்பது இன்றைய பேச்சின் பொருள். இதைப் பற்றிப் பேச தஞ்சோங் பகாரைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை என்று சொன்னால் காலாங் பக்கம் இருப்பவர்கள் சண்டைக்கு வரக்கூடும். தேசிய விளையாட்டரங்கம் அவர்கள் வட்டாரத்தில் இருந்தது, உண்மைதான். ஆனால் கோலாலம்பூருக்கு ரயில் புறப்பட்ட நிலையம் தஞ்சோங் பகாரில் இருந்தது. வெளிநாட்டு ஆட்டங்களை வானத்திலிருந்து வாங்கித் தந்த துணைக்கோள நிலையம், இங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் செந்தோசாத் தீவில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் பார்க்க ஆள் இருந்தது.

யார் அந்த ஆட்கள்? துறைமுகத் தொழிலாளர்கள், ரயில் ஊழியர்கள், கடைச் சிப்பந்திகள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நெருக்கமாக வாழ்ந்தன. அவர்கள் முயற்சியால் மெக்ஸ்வெல் ரோட்டில் 1946ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். பகல், இரவு என்று முறை மாற்றி வேலைக்குப் போன மக்கள் இவர்கள். மாலையில் வீடு திரும்பியவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கோப்பிக்கடை, வானொலி, மாதம் ஒரு படம். அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் 1963 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. தொடங்கி வைத்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தமிழரின் முகம்தான் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் முதல் முகங்களில் ஒன்று என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அழைப்பாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சமூக நிலையங்கள் இருந்தன.

அந்தச் சமூக நிலையத்துப் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உயரமான ஒரு மேசையின்மேல், கதவு வைத்த மர அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். நிலைய ஊழியர் வந்து சாவி போட்டுத் திறந்தால்தான் தரிசனம். முன்னால் சிறுவர்கள் தரையில், அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில் பெரியவர்கள், அதற்கும் பின்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தவர்கள். பெட்டி வாங்கிய வீடுகளில் சன்னலுக்கு வெளியே தலைகள் முளைக்கும். சில வீடுகளில் பிள்ளைகளிடம் ஐந்து காசு, பத்து காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்வது உண்டு. கட்டணத் தொலைக்காட்சி சிங்கப்பூருக்கு 1990களில் வந்தது என்று புத்தகங்கள் சொல்லும். அந்தப் பத்துக் காசைக் கணக்கில் சேர்த்தால் அது முப்பது ஆண்டு முன்பே வந்துவிட்டது!

1963 நவம்பரில் இரண்டாவது ஒளிவழியும் வந்தது. ஒளிவழி 5ல் மலாயும் ஆங்கிலமும், ஒளிவழி 8ல் சீனமும் தமிழும் என்று பிரிந்தன. தமிழ் நிகழ்ச்சிக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். தமிழ்ப் படம் போடும் நாளில் தமிழர்கள் வீட்டில் இருப்பார்கள். சீன நாடகம் வரும் நேரத்தில் சீனர்கள். நான்கு மொழிக்காரர்களும் ஒரே பெட்டியின் முன்னால் வேறு வேறு நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

விளையாட்டு வந்தபோதுதான் அது மாறியது. வர்ணனை எந்த மொழியில் வந்தால் என்ன? பந்து வலைக்குள் போனால் கோல். அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழரும், பக்கத்துத் தெருவில் மீன் விற்ற சீனரும், ரயிலில் வேலை பார்த்த மலாய்க்காரரும் ஒரே நொடியில் எழுந்து கத்தியது காற்பந்துக்குத்தான். வேறு எந்த நிகழ்ச்சியும் அந்த வேலையைச் செய்யவில்லை. நாடகம் செய்யவில்லை, செய்தி செய்யவில்லை. தேசிய தின அணிவகுப்பு ஓரளவு செய்தது. அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள்.

ஆனால் தொடக்கத்தில் எல்லா விளையாட்டும் வரவில்லை. 1968ல் மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். சிங்கப்பூரின் தேசியச் சாதனை. அந்தச் சாதனையை முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. 2001ல் யு. கே. ஷியாம் 10.37 ஓடினார், நூறில் ஒரு வினாடி குறைவாக. இரண்டு பேரும் தமிழ்ச் சமூகம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்கள். ஆனால் குணாளன் மெக்சிகோவில் ஓடிய அந்தப் பத்து வினாடியை இங்கே யாரும் ஓடும்போதே பார்க்கவில்லை. பார்த்திருக்க வழியே இல்லை. வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் படம் வாங்கத் தேவையான துணைக்கோளத் தரை நிலையம் செந்தோசாவில் 1971ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் வெளிநாட்டு விளையாட்டு என்றால், ஃபிலிம் சுருள் விமானத்தில் வந்து இறங்க வேண்டும். முடிவு பத்திரிகையில் வந்து, பழசாகி, அந்தப் பத்திரிகையில் கச்சான் மடித்துத் தின்ற பிறகு படம் வரும்.

செந்தோசாவில் அந்தப் பெரிய வட்டத் தட்டு நின்ற பிறகு நடந்ததுதான் 1974 ஜூலை 7.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம். மேற்கு ஜெர்மனியும் ஹாலந்தும் ம்யூனிக் நகரில் மாலை 4 மணிக்கு மோதின. சிங்கப்பூர்க் கடிகாரம் அப்போது கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னே இருந்தது. எட்டு மணி நேரமாக மாறியது 1982ல்தான். ஆகவே இங்கே இரவு 10.30. அந்த ஆண்டு மே மாதம்தான் வண்ண ஒளிபரப்பைச் சோதனையாகத் தொடங்கியிருந்தார்கள். உலகக் கிண்ண இறுதியாட்டத்தை வண்ணத்தில், நேரடியாகப் பார்க்கலாம் என்றதும் கடைகளில் வண்ணப் பெட்டிக்குக் கூட்டம். வாங்க முடியாதவர்கள் வாங்கியவர் யார் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கிய உடனே ஹாலந்துக்குப் பெனால்டி. ஜெர்மானியர் கால் பந்தில் படுவதற்கு முன்பே நீஸ்கென்ஸ் கோல் போட்டுவிட்டார். நாற்காலி தேடிக்கொண்டிருந்தவர்கள் பாவம், அதைத் தவறவிட்டிருப்பார்கள். பிறகு பிரைட்னரும் முல்லரும் அடிக்க, ஜெர்மனி 2-1 என்று வென்றது. அன்று பார்த்தவர்களைக் கேட்டால் கோல் கணக்கைவிட முதலில் சொல்வது, ஹாலந்துச் சட்டையின் ஆரஞ்சு நிறத்தைத்தான். பதினோரு ஆண்டுகளாகச் சாம்பல் நிறத்தில் ஓடிய மனிதர்கள் ஒரே இரவில் நிறம் பெற்றார்கள். அந்த வியப்பை இன்றைய பெரிய திரையால் யாருக்கும் தர முடியாது.

இருந்தாலும் ம்யூனிக் நம் ஊர் இல்லை. சொந்த ஊர் ஆட்டம் என்றால் மலேசியக் கிண்ணம்தான்.

1973ல் திறந்த தேசிய விளையாட்டரங்கத்தில் 55,000 பேர் உட்காரலாம். காலாங் முழக்கம் என்று பெயர் பெற்ற அந்தச் சத்தம் எல்லாரும் அறிந்தது. ஆனால் 55,000 பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் எல்லாம் பெட்டியின் முன்னால். 1975லிருந்து 1981 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் இறுதியாட்டத்துக்குப் போனது. போனதில் பெரும்பாலும் தோல்வி. எதிரி பெரும்பாலும் சிலாங்கூர். சொக்ஸ் சிவப்பு மஞ்சள் என்றாலே பல்லைக் கடிக்கும் ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது.

1977 மே 28, சனிக்கிழமை. கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கம். இந்த முறை எதிரில் பினாங்கு. 1965க்குப் பிறகு சிங்கப்பூர் கிண்ணத்தைத் தொட்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு. 'அங்கிள் சூ' என்று எல்லாரும் அழைத்த சூ செங் குவீ பயிற்சியாளர். அணித் தலைவர் சமாட் அல்லாபிச்சை. அல்லாபிச்சை என்ற பெயரைக் கேட்டால் தஞ்சோங் பகாரின் கடையநல்லூர் வீடுகளில் எப்படி இருந்திருக்கும்? நம் வீட்டுப் பெயர் அல்லவா அது! வசதியும் விடுப்பும் கிடைத்தவர்கள் இங்கே கெப்பல் ரோட்டு நிலையத்தில் ரயிலேறினார்கள், பேருந்து பிடித்தார்கள். மற்றவர்களுக்கு வானொலியும் தொலைக்காட்சியும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. குவா கிம் சோங் அடித்த கோலில் 3-2. கிண்ணம் வந்துவிட்டது.

அந்தக் காலத்து ஆட்டங்களில் எஸ். ராஜகோபாலின் 'வாழைப்பழ உதை' தனியாகச் சொல்ல வேண்டியது. பந்து நேராகப் போவதுபோல் போய், காற்றில் வளைந்து உள்ளே நுழையும். அரங்கில் இருந்தவர்களுக்கு வளைவு தெரியும். வீட்டில் பார்த்தவர்களுக்கு? அந்நாளைய ஒளிபரப்பில் கேமராக்கள் குறைவு. மெதுவாக ஓடவிட்டு மறுபடி காட்டும் வசதி அரிது. கண்ணிமைத்தால் போச்சு. கோல் விழும் நேரத்தில் அடுப்பங்கரையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். இரண்டு நாளில் அவரே நேரில் பார்த்ததுபோல் பிறரிடம் விவரிப்பார்! பழைய ஆட்டங்கள் இவ்வளவு பெரிதாக நினைவில் நிற்க, இந்த வாய்வழி மறுஒளிபரப்புக்கும் பங்குண்டு.

1980ல் சிலாங்கூரையே 2-1 என்று வென்றபோது வெற்றிக் கோலை அடித்தவர் ஃபாண்டி அகமது என்ற பதின்ம வயதுப் பையன். மூன்று ஆண்டுகளில் அவர் ஹாலந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டார். பிறகு வந்தவர் வி. சுந்தரமூர்த்தி. 1993ல் புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து உதைத்த பந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் கோல் முந்தையவற்றைப்போல் வாய்வழிக் கதையாகப் போகவில்லை. படம் இருக்கிறது. இன்றும் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள்.

1994 டிசம்பர் 17, சனிக்கிழமை இரவு. ஷா ஆலம் விளையாட்டரங்கம். எதிரணி பாகாங். சிங்கப்பூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டிப் போயிருந்தார்கள். 4-0. அதில் மூன்று கோல் அப்பாஸ் சாட், ஒன்று ஃபாண்டி. அந்த இரவு தஞ்சோங் பகார் பிளாசா, எவர்ட்டன் பார்க், காண்டோன்மெண்ட் ரோடு என்று எந்த அடுக்குமாடியின் கீழ் நின்றிருந்தாலும் பெட்டி இல்லாமலேயே கோல் கணக்கு தெரிந்திருக்கும். நான்கு முறை கட்டடமே கத்தியிருக்கும். தேசிய அளவில் எல்லா வீடுகளும் ஒரே ஆட்டத்தைப் பார்த்த கடைசிப் பெரிய காற்பந்து இரவு அதுதான் என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. 1995ல் மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு ஏற்பட்ட பூசலில் சிங்கப்பூர் விலகியது. 1996ல் எஸ்-லீக் வந்தது. தியோங் பாரு என்ற பெயரில் தொடங்கிய குழு தஞ்சோங் பகார் யுனைடெட் ஆகி, 1998ல் இரண்டு கிண்ணங்களை வென்றது. வட்டாரத்துக்குப் பெருமைதான். ஆனால் கட்டடம் கத்தவில்லை.

மூன்று கோல் போட்ட அப்பாஸ் சாட் ஆஸ்திரேலியர். சிங்கப்பூருக்கு ஆடிய அலிஸ்டர் எட்வர்ட்சும் ஆஸ்திரேலியர். அவர்கள் நாட்டில் தொலைக்காட்சியும் விளையாட்டும் எப்படிச் சேர்ந்து வளர்ந்தன என்று பார்ப்பது நமக்குப் பயன்படும், ஒரு காரணத்துக்காக.

ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி தொடங்கியதே 1956 செப்டம்பரில். இரண்டு மாதத்தில் மெல்பர்ன் ஒலிம்பிக். வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் கடை முகப்புகளில் கும்பலாக நின்று பார்த்தார்கள். நம் சமூக நிலையக் கதைதான். மெல்பர்னில் ஒளிவழி 7ல் 1959லிருந்து 1987 வரை ஞாயிறு காலைகளில் 'வேர்ல்டு ஆஃப் ஸ்போர்ட்' என்ற நிகழ்ச்சி ஓடியது. ஆட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்து வாதாடுவார்கள், நடுவில் மரம் வெட்டும் போட்டி நடக்கும். இருபத்தெட்டு ஆண்டுகள்! அந்த நாட்டு முதியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது, இங்கே ராஜகோபாலைப் பற்றிப் பேசுவோரின் அதே முகம்தான்.

ஆனால் தமிழர்கள் அறிந்த ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி, சேனல் நைன். 1976ல் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையைக் கேட்ட கெர்ரி பேக்கரை வாரியம் திருப்பி அனுப்பியது. மனிதர் சும்மா இருக்கவில்லை. 1977ல் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கித் தனியாகவே ஒரு தொடர் நடத்தினார். இரவு விளக்கு, வெள்ளைப் பந்து, வண்ணச் சட்டை எல்லாம் பரவியது அதிலிருந்துதான். அதுவரை கேமரா மைதானத்தின் ஒரு முனையில்தான் இருக்கும். ஓர் ஓவர் விட்டு ஓர் ஓவர், மட்டையாளரின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். முதுகைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள் என்று பேக்கர் இரண்டு முனையிலும் கேமரா வைத்தார். சின்ன மாற்றம்போல் தோன்றும். கிரிக்கெட்டைத் தொலைக்காட்சி ஆட்டமாக ஆக்கியது அந்தச் சின்ன மாற்றம்தான். பூஜ்யத்தில் ஆட்டமிழந்தவரோடு திரையில் அழுதுகொண்டே நடந்துபோகும் வாத்து பிள்ளைகளுக்காக. ரிச்சி பெனோவின் நிதானமான குரலும் வெளிர்நிறக் கோட்டும் பெரியவர்களுக்காக.

1985 பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் உலக கிரிக்கெட் வெற்றியாளர் போட்டி நடந்தபோது, சேனல் நைனின் படத்தைத் தூர்தர்ஷன் வாங்கி இந்தியாவுக்குத் தந்தது. அப்போது தமிழ்நாட்டில் தொலைக்காட்சி வேகமாகப் பரவிக்கொண்டிருந்த காலம். அந்த அணியில் இரண்டு சென்னைக்காரர்கள். கே. ஸ்ரீகாந்த் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 93 அடித்தார். மார்ச் 10 இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 67 அடித்து ஆட்ட நாயகன் ஆனார். எல். சிவராமகிருஷ்ணனுக்கு அப்போது 19 வயது. அவருடைய சுழல் பந்தை முன்னால் இறங்கி அடிக்கப் போன மியாண்டாட், பந்தைத் தவறவிட்டு ஸ்டம்பிங் ஆனதை இரண்டு முனைக் கேமராவும் காட்டின. மயிலாப்பூரிலும் மன்னார்குடியிலும் காலைப் பலகாரம் ஆறிப்போனது. தமிழர்களின் கிரிக்கெட் நினைவில் மிக அழகான ஒரு மாதத்தைப் படம்பிடித்துத் தந்தது ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம். அந்த நிறுவனமும் 2018ல் தன் நாட்டு கிரிக்கெட் உரிமையைப் போட்டியாளர்களிடம் இழந்தது. நாற்பது ஆண்டுத் தொடர்பு முடிந்தது.

இனி, நமக்குப் பயன்படும் அந்தக் காரணம். கட்டணத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே ஆஸ்திரேலியா ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. 1992ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டம். நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுகளை அரசு பட்டியலிடும்; ஒலிம்பிக், மெல்பர்ன் கிண்ணக் குதிரைப் பந்தயம், பெரிய காற்பந்து ஆட்டங்கள் போன்றவை. அவற்றைக் கட்டண நிறுவனம் முந்திக்கொண்டு தனக்கு மட்டும் என்று வாங்கிவிட முடியாது. இலவச ஒளிவழிக்கு முதல் வாய்ப்பு. பட்டியலில் எது இருக்கலாம் என்று அங்கே இன்றும் சண்டை ஓயவில்லை. 2024ல் சட்டத்தைத் திருத்தி, இணையச் சேவைகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

சிங்கப்பூரிலும் இப்படி ஒரு விதி உண்டு. உலகக் கிண்ணத்தின் தொடக்க ஆட்டம், அரையிறுதிகள், இறுதியாட்டம் போன்றவை இலவச ஒளிவழியில் வர வேண்டும். 2018, 2022 இரண்டு உலகக் கிண்ணங்களிலும் ஒன்பது ஆட்டங்கள் இலவசமாக வந்தன. மொத்தம் 64 ஆட்டங்களில் ஒன்பது. மற்றதற்குக் காசு. இங்கிலிஷ் பிரிமியர் லீக் கட்டணத்துக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஸ்டார்ஹப்பிலிருந்து 2010ல் சிங்டெல்லுக்குப் போய், 2022ல் மீண்டும் ஸ்டார்ஹப்புக்கு வந்தது. நிறுவனங்கள் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. உரிமையை விற்பவர்கள் கேட்கும் விலை அப்படி. சின்ன நாடு, சின்னச் சந்தை. விலையைப் பங்கிட ஆள் குறைவு.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கை நினைவிருக்கிறதா? செலவு கட்டுப்படியாகாது என்று முதலில் இங்கே சுருக்கத் தொகுப்பும் தாமத ஒளிபரப்பும் மட்டுமே என்றிருந்தது. விளையாட்டுகள் நெருங்கிய கடைசி நேரத்தில்தான் நேரடி ஒளிபரப்புக்கு ஏற்பாடானது. ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை. ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 வினாடியில் தங்கம் வென்றார். பின்னால் வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் மைக்கல் ஃபெல்ப்ஸ். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அந்தக் கடைசி நேர ஏற்பாடு நடக்காமல் போயிருந்தால்? குணாளனை 1968ல் பார்க்க முடியாததற்குத் துணைக்கோளம் இல்லாதது காரணம். ஸ்கூலிங்கைப் பார்க்க முடியாமல் போயிருந்தால் பணம் காரணமாகியிருக்கும். முதல் காரணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாவதைச் சொல்லலாம்.

டக்ஸ்டன் பிளேயின் பழைய வீவக புளோக்குகள் நின்ற இடத்தில் இன்று 50 மாடிப் 'பினாக்கல்' நிற்கிறது, 1,848 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி, ஒவ்வொரு கையிலும் ஒரு திரை. ஒரு வீட்டில் இங்கிலிஷ் லீக், அடுத்த வீட்டில் ஐபிஎல், அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, சந்தாத் தொகை கட்டுப்படியாகாததால். இதில் யாருக்கும் குறை தோன்றாமல் இருக்கலாம். விரும்பியதை விரும்பிய நேரத்தில் பார்க்கும் வசதி பெரிய வசதி, அதை யாரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஓய்வூதியமும் பிள்ளைகள் தரும் காசுமாக வாழும் முதியவர் ஒருவர், 1974ல் சமூக நிலையத்தில் இலவசமாகப் பார்த்ததை, நாடு இவ்வளவு வளம் பெற்ற பிறகு பார்க்க முடியவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். 2022ல் பல சமூக மன்றங்கள் பெரிய திரை வைத்து உலகக் கிண்ணம் காட்டின. நல்ல ஏற்பாடு. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை என்றில்லாமல், சிங்கப்பூர் அணி ஆடும் ஒவ்வொரு முக்கிய ஆட்டத்துக்கும் அதைச் செய்யலாம். நாற்காலியும் திரையும் ஏற்கெனவே இருக்கின்றன.

கடைசியாகப் பழைய படங்கள். 1960களிலும் 70களிலும் வீடியோ நாடாவின் விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது உலகம் முழுக்க இருந்த பழக்கம். ஆஸ்திரேலியாவிலும் அப்படிப் போன ஆட்டங்கள் பல. அங்கே கான்பராவில் உள்ள தேசிய ஒலி ஒளிக் காப்பகம் கிடைத்ததைத் தேடிச் சேர்க்கிறது. இங்கே தேசிய ஆவணக் காப்பகம் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் நிறுவனங்களிடம் இல்லாதது சில நேரம் வீடுகளில் இருக்கும். 1980களில் வீடியோ கருவி வந்த பிறகு, கலியாணக் கேசட்டோடு மலேசியக் கிண்ணத்தையும் பதிவு செய்தவர்கள் எத்தனையோ பேர். விளம்பரம், வர்ணனை, இடையில் வந்த செய்தி எல்லாம் அதில் அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரண்மேல் அப்படி ஒரு கேசட் இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். அவசரப்பட்டுக் கருவியில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஓடவிட்டால் நாடாவும் போகும், கருவியும் போகும். அந்தக் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016ல் நிறுத்திவிட்டது. பழுதானால் வேறு கிடைப்பது கடினம். கேசட்டை உலர்ந்த இடத்தில், படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். மேலே என்ன ஆட்டம், எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு, பழைய நாடாவைச் சுத்தம் செய்து பிரதி எடுக்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.